டாக்டர் சரிந்த உயரம்

தங்கை ஜெயித்தவற்றில் அண்ணனுக்குத் தெரிந்தவை இவை: பள்ளிக்கூடத்து நோஞ்சான்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் நின்ற கயிறு இழுப்புப் போட்டி, சுளுக்கிய காலோடு ஓடிப் பிடித்த நாற்காலிப் போட்டி, கணக்குப் பரீட்சை, அதுவும் மூன்றாவது தடவை, "பொம்பளப் புள்ளைக்கு ஏணியில என்ன வேலை?" என்ற அம்மாவிடம் வாங்கிய சம்மதம். அப்புறம், ஒரு வூஃபர் பெட்டியின் முதுகு. கடைசியைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

வீடுகளில் சினிமா அறை அமைத்துத் தரும் கடையில் இருவருக்கும் வேலை. அண்ணன் வேன் ஓட்டுகிறவன். தங்கை ஒயர் இழுப்பாள், ஸ்பீக்கர் மாட்டுவாள். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் முதலாளிக்கும் டீக்கடைக்காரருக்கும் அவள் 'டேப்பு'. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையின் சத்தத்தைச் சரிப்படுத்தியவர், தரை அதிரும் சத்தத்தைத் தரும் வூஃபர் பெட்டியின் பின்புறத்தில் மார்க்கரால் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். சுவரைப் பார்த்தபடி கிடக்கும் அதை ஒருவரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் உதவிக்கு வந்தவர்கள் போடக் கூடாது. தங்கை பல வருடமாக உதவிக்கு வந்தவளாகவே இருந்தாள்.

மூத்த ஃபிட்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட வாரத்தில் பல் டாக்டர் வீட்டு வேலை வந்தது.

"டேப்பு, இதை நீயே பண்ணு," என்றார் முதலாளி. "நல்லா இருக்குன்னு டாக்டர் வாயால வந்தா கையெழுத்து உன்னோடது. குறை வந்துச்சுன்னா பழையபடி ஒயர் சுருட்டணும்."

தங்கை டாக்டரை சோபாவில் உட்காரச் சொன்னாள். "எப்பவும் எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்காருங்க சார்."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல டாக்டர் முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டார். அவள் அவர் காதிலிருந்து தரைவரை டேப்பை இறக்கினாள். முன்னால் மூன்று ஸ்பீக்கரும் அந்தக் காதையே பார்த்தன. பின்னால் இரண்டும் சோபாவின் இரு பக்கமும், காதுக்கு ஒரு சாண் மேலே நின்றன. மழைச் சத்தம் போட்டாள். டாக்டர் கூரையை நிமிர்ந்து பார்த்து, "ஒழுகுதா?" என்றார்.

மறுநாளே டாக்டரிடமிருந்து போன். "பின்னாடி ஸ்பீக்கர் செத்துப்போச்சும்மா. முன்னாடி பேசறவன் கிணத்துக்குள்ள இருந்து பேசறான்."

முதலாளியும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் வருவதற்கு முன்பே அண்ணனும் தங்கையும் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "இப்ப நல்லா இருக்கே! நேத்து இல்லையே!" என்று அவரே குழம்பினார்.

"அண்ணா, காது போனது எனக்கா, இவருக்கா?"

"மெதுவா பேசு. உனக்குக் கேக்குதோ இல்லையோ, அவருக்குக் கேக்கும்."

அவள் ஒரு யோசனை செய்தாள். "சார், முழுப் படம் ஒண்ணு போட்டுப் பாருங்க. நாங்க வெளிய நிக்கறோம்."

கதவிடுக்கில் இருவரும் ஒரு தலைமேல் ஒரு தலையாக எட்டிப் பார்த்தார்கள். முதல் சண்டைக்குள் டாக்டரின் இடுப்பு நழுவியது. வில்லன் வந்தபோது கழுத்து மட்டுமே சோபாவில் மிச்சம். பாட்டு தொடங்கியபோது ஆள் முழுசாகத் தரையில். தலை சோபாவின் அடிப்பலகையில், கால் டீப்பாய்க்கு அடியில்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான்," என்றார் பின்னால் டீயோடு வந்த டாக்டரின் மனைவி. "சோபா வாங்கினதே தலை சாய்க்கத்தான்."

டாக்டர் பதறி எழப் பார்த்தார். முட்டி டீப்பாயில் இடித்தது. "பேஷன்ட் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா!"

"அசையாதீங்க சார்!" என்று தங்கை கத்திய கத்தலில், பல் டாக்டராக இருந்தும் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"வாயை மூடிக்கலாம் சார். காது மட்டும் போதும்."

அவளும் பக்கத்தில் படுத்து அளந்தாள். காது தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. பின் ஸ்பீக்கர் இரண்டின் ஸ்டாண்டையும் இறக்கி, சோபா சத்தத்தை மறைக்காதபடி அதன் முன்விளிம்புவரை இழுத்து வைத்தாள். நடு ஸ்பீக்கரை மறைத்த டீப்பாய் மூலைக்குப் போனது.

"அம்மா, நீங்க எங்க உட்காருவீங்க?"

"நானா? இவரு கீழ போனதும் சோபா முழுக்க எனக்கு. படுத்ததும் தூங்கிடுவேன். எனக்குச் சத்தமே வேண்டாம் தாயே."

"அண்ணா, நீயும் வந்து படு. என் காது மட்டும் போதாது."

முதலாளி உள்ளே வந்தபோது மூன்று பேர் வரிசையாகத் தரையில் கிடந்தார்கள். "ஐயையோ, கேஸ் லீக்கா?"

"பேசாம படுங்க," என்றார் டாக்டர். "ஹெலிகாப்டர் வருது."

முதலாளி படுத்தார். ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி நெற்றிக்கு மேலே போனது. அவர் தலையில் மிச்சமிருந்த நான்கு முடியையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இதுதான்! நல்லா இருக்கு!" என்றார் டாக்டர்.

படுத்தபடியே முதலாளி சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினார்.

சம்பளம் வாங்க, கூரியர் வாங்க என்று தங்கை எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தான் செய்த வேலைக்கென்று போட்டது அதுதான் முதல். டார்ச் பிடித்தது அண்ணன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். தேதி மட்டும் தெளிவாக இருந்தது: 19-8-2017, சனிக்கிழமை.