அகில இந்திய சராசரியைத் தோற்கடித்த காது மருந்து

நான் முட்டாள் என்று பிறர் கண்டுபிடிக்க வழக்கமாக ஒரு வாரம் ஆகும். எழுபதுகளில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் தூத்துக்குடிக்குப் போனபோது மட்டும், அதை நானே டைப் அடித்து, மதுரையில் இருந்த மேனேஜருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவைத்தேன்.

அப்போது நான் தற்காலிகம். உருப்படியாக ஏதாவது செய்து காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மருந்துப் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கம்பெனி ஒரு பட்டியல் தந்திருந்தது. எங்கள் மருந்துகளை ஒரு டாக்டர் மாதம் எத்தனை முறை எழுதுகிறார் என்பதற்கான அகில இந்திய சராசரி. கடற்கரைச் சாலையில் நான் பார்த்துவந்த டாக்டர் ஒருவர் எல்லாவற்றிலும் அதற்குக் கீழேதான். டானிக் பேச்சை எடுத்தாலே, “தெனம் மீன் திங்குதவனுக்கு டானிக் எதுக்கு?” என்பார். ஆனால் காதில் விடும் சொட்டு மருந்தில் மட்டும் மொத்த நாட்டையும் தாண்டி நின்றார்.

இந்தக் கணக்கு எனக்கு டாக்டரின் கிளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் கிடைத்தது.

“காது மருந்து யார் எழுதுன சீட்டுக்குப் போச்சு அண்ணாச்சி?”

“டாக்டர் சீட்டுக்குத்தான் தம்பி.”

உடனே நோட்டில் ஒரு கோடு போடுவேன். கோடுகள் பெருகப் பெருக எனக்குள் ஆராய்ச்சியாளன் ஒருவன் விழித்துக்கொண்டான். ஏன் இந்த ஊரில் இத்தனை காது? உப்பளக் காற்றா? கப்பல் ஊதுகிற சத்தமா? சங்கு குளிப்பவர்களுக்கு ஆழத்தில் காது வலிக்கும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். அது என் மேதைமைக்குப் போதவில்லை. ‘தூத்துக்குடிக் காதுகள் ஏனைய இந்தியக் காதுகளிலிருந்து வேறுபட்டவை’ என்று அறிக்கையை முடித்தேன்.

மேனேஜர் மகிழ்ந்துபோய், டாக்டருக்குப் பரிசளிக்க ஒரு சுவர்க் கடிகாரத்தோடு நேரில் வந்துவிட்டார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நீட்டிய காது மருந்துப் புட்டியைப் பார்த்தார். “இதை நான் எழுதி ரெண்டு வருசம் இருக்குமே?” என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தில் மணி பார்த்தேன். டாக்டருக்கே ஆவல் தாங்கவில்லை; கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு தெருவைத் தாண்டி மருந்துக்கடைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அங்கே சங்கு குளிக்கும் ஆள் ஒருவர் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் கையெழுத்தேதான். மடிப்பு மடிப்பாக நைந்து, பின்னால் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது.

“ஏலே, இது ஒன் மச்சானுக்கு எழுதுனதுல்லா?”

“ஆமாய்யா. எங்க தெருவுல யாருக்குக் காது வலிச்சாலும் இதான். ராசியான சீட்டுய்யா.”

“காதுல சவ்வு கிழிஞ்சிருந்தா இதை விடப்படாதுலே! நாளைக்கு அம்புட்டுப் பேரையும் இங்கன கூட்டிட்டு வா.” டாக்டர் சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஆள் சொத்தைப் பறிகொடுத்தவர் போல நின்றார்.

நான் அண்ணாச்சியை முறைத்தேன்.

“டாக்டர் சீட்டுன்னு சொன்னேன். எத்தனை சீட்டுன்னு நீங்க கேக்கலியே தம்பி?”

திரும்பி நடக்கையில் மேனேஜர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதும் வராது.

“சார், என் வேலை நிரந்தரம்…?”

“அந்தச் சீட்டை வேணா நிரந்தரமாக்கலாம்.”