மீன் படாத சட்டிகள்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருடம் ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது, "உனக்கு வேற வேலை இல்லையோ?" என்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. அப்பா போரில் ஷெல் அடியில் இறந்தபின் எங்களை வளர்த்தவரும் அவரே. கலியாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "முதல் இதுகள் கரையேறட்டும்" என்று சொல்லிச் சொல்லியே வயதைக் கடத்திவிட்டார். இடம்பெயர்ந்து, கொழும்பில் காத்திருந்து, ஒருவாறு நியூசிலாந்தின் ஒக்லாந்து வந்து சேர்ந்தோம். பாபடோயிட்டோயில் வாடகை வீடு. முதியோர் இல்லமொன்றில் அக்காவுக்கு வேலை.

ஜெபக்கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் அக்கா இரண்டு வரியில் ஆமென் சொல்லிவிடுவார். எங்காவது தமிழ்ச் செத்தவீடு என்றால் மட்டும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். இங்கே அயலில் தமிழருக்கு எங்கே போவது? அந்த அயல் தான்தான் என்று அக்கா முடிவெடுத்துவிட்டார். சாப்பாட்டோடு சுவிசேஷக் கைப்பிரதியும் வைக்கலாமே என்று சபையில் ஒருவர் கேட்டார். "பசிக்கிற ஆளுக்குச் சோறு காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் அக்கா.

ஏவன்டேலில் கமலா என்பவரின் கணவர் மாரடைப்பில் திடீரென இறந்தார். முன்பின் தெரியாத அந்த வீட்டுக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சம்பல் எல்லாம் சுமந்துகொண்டு போனோம். கமலா அதுவரை பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லையாம். அக்கா கெஞ்சியதால் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. சம்பல்ல மாசி மணக்குது. நாங்கள் பிறவிச் சைவம்."

பார்த்துப் பார்த்து மரக்கறி சமைத்த அக்கா, கைப்பழக்கத்தில் சம்பலுக்கு மாசிக்கருவாட்டை இடித்துப் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் மாசியை மீன் என்று யார் எண்ணினார்கள்? காரில் ஏறியதும் அக்கா அழுதார்.

"பசியோட இருந்த மனுசியை நானெல்லோ பட்டினி போட்டிட்டன்."

"ஒரு கரண்டி மாசிக்கு உந்த அழுகையோ?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவர் நேரே கடைக்குப் போய்ப் புதுச் சட்டிகள், அகப்பை, வெட்டுப்பலகை வாங்கினார். அன்றே மறுபடி சமைத்து, மறுபடி ஏவன்டேலுக்குப் போனோம். கமலா சாப்பிட்டார். அதன்பின் எத்தனையோ செத்தவீடுகளுக்கு அந்தச் சட்டிகளில்தான் சமையல். ஒருமுறை அவற்றிலொன்றில் என் மகள் மீன் பொரிக்கப் போய் அகப்பட்டுக்கொண்டாள்.

"இயேசுவும் மீன் சாப்பிட்டவர்தானே பெரியம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம், சாப்பிட்டவர். கமலா சாப்பிடமாட்டா" என்றார் அக்கா.

போன வருடம் புற்றுநோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பினார். அந்த நாட்களில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பார்க்க வந்த கமலாவிடம், "மீன் சொதி எண்டால் ரெண்டு வாய் குடிப்பன்" என்றாராம். மறுநாள் வேலையில் இருந்த எனக்கு எங்கள் குசினி அடுப்படியிலிருந்து கமலாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, மீனை முதல்ல என்ன செய்யிறது?"

"விடுங்கோ, நான் வந்து செய்யிறன்."

"இல்லை. நான்தான் செய்யோணும். நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். நான் வீடு வந்தபோது அக்கா கோப்பையை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணுமோ அக்கா?" என்று கமலா கேட்டார்.

"அளவாக் கிடக்கு" என்றார் அக்கா.

மிச்சத்தை நான் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைத்த சொதி வேறெப்படி இருக்கும்? குசினியில் நின்று நான் அழுதேன். அக்கா விரும்பிச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுதான்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், போதகருக்கும், சபையாருக்கும், உறவினரைக் கூட்டிவர விமானநிலையத்துக்கும் வீட்டுக்குமாக ஓடித்திரிந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று ஜெபம் முடிந்ததும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எல்லாம் மரக்கறிதான். அக்காவின் அந்தச் சட்டிகளில் கமலா சமைத்தது. உப்பும் அவரே பார்த்திருக்கிறார்.

அன்புத் தங்கை