குழாய்க்குச் சொன்ன ‘பாத்து’

புனேயில் ஒரு முலாம் பூசும் பட்டறை. குழாய்களைக் கொக்கியில் மாட்டித் தொட்டியில் இறக்கவும், முலாம் ஏறியதும் கழற்றவும் புது ஆட்களைப் பழக்குவது என் வேலை. எல்லாம் இந்தியில்தான்.

இன்று முதல்முறையாக அவர்களையே செய்யவிட்டுத் தள்ளி நின்றேன்.

ஒவ்வொரு குழாயை மாட்டும்போதும், “பாத்து, பாத்து” என்று முணுமுணுத்தார்கள். தமிழில்! தூக்கிவாரிப் போட்டது.

“இது எதுக்கு?” என்று அவர்களில் ஒருத்தியான சுனிதாவிடம் கேட்டேன்.

“மாட்டுறப்ப நீங்க சொல்வீங்களே சார். சொல்லாம விட்டா கீறல் விழுந்துடுமோன்னு பயம்” என்றாள் இந்தியில்.

நான் அப்படிச் சொல்வது எனக்கே தெரியாது.

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம். என்னிடம் யாரும் தமிழில் பேசியதில்லை. இன்றும் குழாயிடம்தான் பேசினார்கள்.

அது தேவையில்லை என்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

உங்களிடம் கடைசியாக ‘பாத்து’ என்று சொன்னது யார்?