யாகப்புவின் ஒருசந்தி

சம்மாட்டியாகும் வரை யாகப்பு மெலிந்த மனிதர்தான். சொந்தமாகக் கரைவலை வாங்கிச் சம்மாட்டியானதும் மற்றவர்கள் வலை இழுக்க, இவர் கரையில் கதிரை போட்டிருந்து அதட்டத் தொடங்கினார். வயிறு தலையெடுத்தது அதற்குப் பிறகுதான்.

முல்லைத்தீவில் கோயில் பெருநாள் கூத்தென்றால் அரசன் வேஷம் அவருக்குத்தான். அப்படியொரு குரல். இந்த வருஷமோ அரச உடுப்பின் முதுகுக் கொளுக்கிகள் ஒன்றும் பூட்டுப்படவில்லை. "பெருநாளுக்குள்ளை உடுப்புப் பூட்டுப்படாட்டி வேறை ஆளுக்குக் குடுத்திடுவன்" என்றார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சூசைப்பிள்ளை.

நல்லவேளை, தவக்காலம் வந்தது. முழுக்க ஒருசந்தி பிடித்தார். ஒருநேரச் சாப்பாடு என்றுதானே சட்டம், எவ்வளவு என்று சுவாமியார் சொல்லவில்லையே! மனைவி யூலிற்றா குவித்த சோற்றையும் மீன் குழம்பையும் தேங்காய்ப்பால் சொதியையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டுப் படுத்துவிடுவார். பெருநாளுக்கு இன்னும் மூன்று மாதமே இருக்க, உயிர்த்த ஞாயிறன்று போட்டுப் பார்த்த உடுப்புக்குள் கையே நுழையவில்லை.

"ஒருசந்தி இருந்தும் கொழுத்திட்டன் ஐயா, இதென்ன அநியாயம்?" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி அப்புத்துரையிடம் போய் நின்றார். அப்போதிக்கரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கேளும் யாகப்பர். தோலுக்குக் கீழை கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் பைகள் கோடிக்கணக்கிலை கிடக்கு. உடம்பு செலவழிக்காத சாப்பாடு அதுக்குள்ளைதான் போய்ச் சேரும். பை ஊதும். இனி ஊதேலாது எண்டால் பக்கத்திலை புதுப் பை பிறக்கும்."

"பிறந்ததைக் கலைக்கேலாதோ?"

"லேசிலை போகாது. ஆனால் உடம்பு முறிய வேலை செய்து, சோத்தையும் குறைச்சால் வத்திப்போகும்."

மறுநாள் கதிரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வலைக்கயிற்றைப் பிடித்தார். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் விடவில்லை. முதலில் நாய் மாதிரி மூச்சிரைத்தவர், போகப் போக வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டையே எடுத்துக் கொடுத்து இழுத்தார். யூலிற்றாவும் அகப்பையை அடக்கிப் பிடித்தாள்.

பெருநாளுக்கு முதல்நாள் கொளுக்கிகள் பூட்டுப்பட்டன, மேல் இரண்டைத் தவிர. யூலிற்றா முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தும் சரிவரவில்லை. யாகப்பு உடுப்பை மடித்துக்கொண்டு அண்ணாவியாரிடம் போனார்.

"ரண்டு கொளுக்கி மிஞ்சிப் போச்சு அண்ணாவியார். வேறை ஆளைப் பாருங்கோ."

"நீ கரையிலை அம்பா படிக்கிறதைக் கேட்டுக்கொண்டுதானடா இருக்கிறன். போன வருஷம் பாதிப் பாட்டிலை மூச்சு வாங்கினனீ. இப்பதான் உனக்கு அரசன்ரை குரல். அரசன் சனத்துக்கு முதுகு காட்டுறேல்லை, போய் உடுப்பைப் போடு!"

அந்த வருஷம் அரசன் மேடையை விட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனான். தங்களுக்குச் செய்த மரியாதை என்று சனம் எழுந்து நின்று கைதட்டியது.