நாலுவழிச் சாலைக்குக் குறித்த வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வடக்கே, மெயின் ரோட்டை ஒட்டிய ஓட்டு வீடு. முன்னறையில் என் கணவர் தையல் கடை வைத்திருந்தார்.

"அளக்க வந்தாங்க. நாலுவழி ரோடு வருதாம். நம்ம வீடு போகுதாம்" என்றார், மெஷினை நிறுத்தாமல்.

மகளுக்கு மூச்சிரைப்பு. ரோட்டுப் புழுதி அவளுக்கு ஆகாது என்று, வீட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போவதாக இருந்தோம். பார்க்க வந்தவர்கள் குறியைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மழைக்கு அடுப்படி ஒழுகியது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு ஓடு மாற்றுவது என்று சட்டியை வைத்துத் தண்ணீரைப் பிடித்தோம்.

இடிக்கவும் யாரும் வரவில்லை. ரோட்டுக்குப் பணம் யார் போடுவது என்பதிலேயே வருஷங்கள் போயின. மத்தியில் கொடுக்கட்டும் என்றார்கள், மாநிலம் கொடுக்கட்டும் என்றார்கள். கடைசியில், தனியார் போட்டுவிட்டு டோல் வசூலிப்பார்கள் என்று பேச்சு வந்தது.

அதற்காகக் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் எழுந்தார். "ரோடு வேணாங்கலைங்க. ரோட்டு வரி கட்டுறோம், டீசல்லயும் புடிக்கிறீங்க. டோலுக்கும் நாங்கதான் அழுவணுமா?"

"டோல் போட்டாத்தான் வரும்னா போடட்டும்ப்பா. எத்தன பேரு அடிபட்டுச் சாகுறது?" என்றார் உரக்கடைக்காரர். இருவருக்கும் கை தட்டினார்கள். எனக்கும் இரண்டும் சரியாகத்தான் பட்டது.

நானும் எழுந்தேன். "எடுக்குறதா இருந்தா எடுத்துக்கங்க சார். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. இருக்கவும் முடியல, போகவும் முடியல."

"நிதி வந்ததும் தகவல் வரும்மா" என்றார் அதிகாரி. பின்னால் யாரோ சிரித்தார்கள். மகள் அன்று ராத்திரியும் தலையணையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

மேலும் சில வருஷம் கழித்து நிதி வந்தது. புதிதாக அளந்ததில் சாலை எதிர்ச்சாரிக்குத் தள்ளிப்போனது. எங்கள் வீடு தப்பித்தது என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு நஷ்டஈடு கிடைத்தது. சாமான்களை டெம்போவில் ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்து அழுதாள். "நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர். பொறந்து வளந்த எடத்தவிட்டுப் போறேன்." அவளைத் தேற்றினேன். ஆனால் அந்த டெம்போ கிளம்பியபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

சாலையை மண் கொட்டி உயர்த்திப் போட்டார்கள். வாசலுக்கு எதிரே இப்போது ஆளுயரத்துக்கு மேல் சரிவு. லாரிகளின் சக்கரங்கள்தான் தெரியும். எங்கள் ஊரில் பஸ் நிற்பதில்லை. விலை கேட்டு வந்த ஒருவர், "இதுக்குள்ள எப்படிங்க வண்டி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகளை டவுனில் ஹாஸ்டலில் சேர்த்தோம். அங்கே அவளுக்கு இரைப்பு குறைந்தது. லீவுக்கு வந்தால் மறுநாளே திரும்பிவிடுவாள். நாங்களும் இரு என்று சொல்வதில்லை.