நீல மூலையில் நான், சிவப்பு மூலையில் அப்பா

ஏழாவது படிக்கும்போது நான் பெரிய வீரன். இதை வேறு யாரும் சொல்லாததால் நானே திருப்பாதிரிப்புலியூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளியில் டேக்வாண்டோ சேர்ந்து பச்சை பெல்ட்வரை வந்திருந்தேன். சிதம்பரத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி என்று மாஸ்டர் அறிவித்ததும், மெடல் இல்லாமல் ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று இஸ்திரிக்காரரிடம் ஆரம்பித்து எதிர்வீட்டு டியூஷன் டீச்சர்வரை சபதம் செய்துவிட்டேன். அப்படிச் சபதம் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. கேட்டவர்கள் ஒருவரும் மறப்பதில்லை.

அப்பா கடையில் லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தார். கிளம்பும்போது அம்மா எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் உத்தரவு போட்டாள். “அத்தை வூட்டு ஆளுங்களப் பாத்தா நீங்களா போய்ப் பேசாதீங்க. அவுங்க பேசினா பேசாமயும் வந்துடாதீங்க.” இதை எப்படி நிறைவேற்றுவது என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் காது குத்தினபோது, தாய்மாமன் என்ற முறையில் அப்பாவின் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த் தட்டுகளோடு நாங்கள் போன பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டிவிடும் என்று யாரோ ஒரு பங்காளியின் மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். குழந்தை அழுது ஓய்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தது. அப்பா தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். அத்தையும் போகாதே என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு பொங்கல் போய்விட்டது. அண்ணன் தங்கைக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

பஸ் குடிகாட்டைத் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி வாடைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் பொத்தவில்லை. மயக்கம் போட்டு விழுந்தால் ஊருக்கே திருப்பி அழைத்துப் போய்விடுவார்கள் என்று அங்கேதான் முதன்முதலாகத் தோன்றியது. வாடையை இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். புதுச்சத்திரம் போய் வாடை நின்றது. மயக்கம் வரவில்லை.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பந்தி போடுகிற ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் தலைமை விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உடை மாற்றுவதற்கு அடுக்களைப் பக்கம், ஆள் உயர அண்டாக்களுக்கு நடுவே. ஒரு அண்டாவுக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டால் சாயங்காலம்வரை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மைக்கில் என் எடைப் பிரிவைக் கூப்பிட்டார்கள். நீலம் நான். சிவப்பு, என் அத்தை மகன்.

இரண்டு வருஷத்தில் மச்சான் ஒரு முழம் வளர்ந்திருந்தான். எனக்கு வளர்ந்தது வாய் மட்டும்தான். அவன் காலைத் தூக்கி ஒரு தூணை உதைத்துப் பழகினான். தூண் வலியில் முனகினது போல எனக்குக் கேட்டது. உடனே மாஸ்டரிடம் ஓடி, ஜுரம் அடிக்கிறது என்றேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஃபேன் ஓடல, அதான். போ” என்று சொல்லிவிட்டு இன்னொரு பாய்க்குப் போனார். போகும்போது அப்பாவிடம், “நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க சார்” என்று என்னை ஒப்படைத்தார்.

இப்போதைய பிள்ளைகள் மார்புக் கவசத்தை முதுகில் சர்ரென்று ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது கவசத்துக்குக் கயிறு. முதுகில் குறுக்காக இழுத்து இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். அதிலும் மொத்தப் போட்டிக்கும் ஒரு பாய்க்கு இரண்டே கவசம். ஒருவன் கழற்றினால்தான் அடுத்தவன் போட முடியும். அப்பா எனக்குக் கட்டிவிட்டார். ஜவுளிக்கடையில் பார்சல் கட்டுகிறவருக்குக் கயிறெல்லாம் சொன்னபடி கேட்கும். அவர் போடும் முடிச்சு மலை மாதிரி நிற்கும். நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய் அந்த நுனியைச் சுண்டி விளையாடுவதுதான் என் வேலை.

எதிர்மூலையில் மச்சானுக்குக் கட்டிவிட ஆளில்லை. அவனுடைய மாஸ்டர் அடுத்த பாயில் கத்திக்கொண்டிருந்தார். அத்தை, பெண்கள் உட்காரும் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தான். கயிறு இரண்டு பக்கமும் தொங்க நேராக எங்களிடம் வந்து, முதுகைக் காட்டி நின்றான்.

“மாமா, கட்டி வுடுங்க மாமா.”

அவன்பாட்டுக்குச் சொல்லிவிட்டான். அப்பா என்னைப் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். தன் தோளில் கிடந்த என் துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அவனோடு சிவப்பு மூலைக்கே போய்விட்டார். கயிற்றை இழுத்து, கவசத்தை ஆட்டிப் பார்த்து, ஹெல்மெட் வாரைச் சரிசெய்து, அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு அக்கறையை அவர் எனக்குக் காட்டவில்லை என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கட்டினவர் திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றுவிட்டார்.

என் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பெற்ற தகப்பனே எதிரணியில் சேர்ந்துவிட்டபின் பயந்து என்ன ஆகப்போகிறது?

நடுவர் “சிஜாக்” என்றார். தொடங்கலாம் என்று அர்த்தம். மச்சான் வந்தான். முதல் ரவுண்டில் நான் அதிகமும் பின்னோக்கித்தான் சண்டை போட்டேன். அதுவும் ஒரு கலை. இரண்டாவது, கடைசி ரவுண்டு முடியும் தறுவாயில் இருவரும் புள்ளியில் சமமாக நின்றோம். அவன் கால் என் முகத்துக்கு வருவது தெரிந்ததும், கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னிடமிருந்த ஒரே உதையை உதைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். அது அவன் கவசமா என் மண்டையா என்று தெரிந்துகொள்ளவே கண்ணைத் திறந்தேன். நடுவர் என் கையைப் பிடித்து உயர்த்திக்கொண்டிருந்தார்.

உயர்த்தின கையோடு அப்பாவைத் தேடினேன். அவர் பார்க்கவில்லை. மச்சானின் முதுகுக்குப் பின்னால் குனிந்து முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நான் கையைப் பின்னால் விட்டு நுனியைச் சுண்டினேன். என் கவசம் கழன்று விழுந்தது. அங்கே அவிழவில்லை. அப்பா நகத்தால் நோண்டினார். பல்லால் கடித்தார். அடுத்த ஆட்டக்காரன் கவசத்துக்குக் காத்து நின்றான். மைக்கில் அவசரப்படுத்தினார்கள். “எனக்கு மூச்சு முட்டுது” என்று மச்சான் முனகினான். அதைக் கேட்டதும்தான் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்க்கு வந்தாள்.

“ஏண்ணே, புள்ளைய இப்படியா கட்டுவ?”

“நீ அந்தப் பக்கம் புடி பாப்பா.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் நடுவில் பந்தக்கால் மாதிரி நின்றான்.

“இந்த அவசரத்த காதுகுத்துக்குக் காட்டியிருக்கலாம் நீ.”

“பஸ்ஸு பஞ்சராவும்னு கனவா கண்டேன்? அரை மணி நேரம் பொறுக்க முடியல உங்களுக்கு.”

“பெரியவுங்க குத்துன்னா நான் என்னா பண்ணுவேன்? வந்தவன் ஒரு வாய்த் தண்ணி குடிச்சியா?”

“குடின்னு நீ சொன்னியா?”

அத்தை மூக்கை உறிஞ்சினாள். விழாக்காரர் ஒருவர் அடுக்களையிலிருந்து காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்தார். “கத்தியெல்லாம் வாணாம்” என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் அவரை விரட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஜெயித்ததை ஒருவராவது கவனிக்க வேண்டுமென்றால் முதலில் இந்த முடிச்சு அவிழ வேண்டும். “தள்ளுப்பா, நான் அவுக்கறேன்” என்று கையை நீட்டினேன். அப்பா திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் என்னை ஓர் இடி இடித்தார். அன்று முழுக்க நான் வாங்கினதிலேயே பலமான அடி அதுதான்.

“அண்ணி ஏன் வரல?” என்றாள் அத்தை, கயிற்றைப் பார்த்தபடி.

“நீ கூப்ட்டியா?”

“இப்பக் கூப்படறேன். வர்ற ஞாயித்துக்கிழம எல்லாரும் வூட்டுக்கு வாங்க. இன்னிக்கு மத்தியானம் நீயும் புள்ளையும் சாப்பாட்டுக்கு வந்துட்டுத்தான் போவணும்.”

அப்பா கை எப்படியோ நுனியில் பட்டுவிட்டது. முடிச்சு அவிழ்ந்தது. நல்ல அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு நெய்வேலிப் பையன் என்னை மடித்து வைத்துவிட்டான். அது அரையிறுதி, தோற்றாலும் வெண்கலம் உண்டு என்றார்கள். கீரப்பாளையத்தில் அத்தை மூன்றாவது தடவை குழம்பு ஊற்றும்போதுதான், “ஆமா, உங்க ரெண்டு பேர்ல யாருடா ஜெயிச்சா?” என்று மச்சானையே கேட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் நாள் முழுக்கப் பார்சல் கட்டுகிற மனிதர், அத்தனை பேருக்கு முன்னால் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! வயசாகிக்கொண்டு வருகிறது, கை தடுமாறுகிறது, நாம்தான் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். மெடலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவர் காதருகே போய், முடிச்சு விஷயத்தை அம்மாவிடம் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அப்பா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பாவம், அவமானத்தை மறைக்கிறார் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.