எதிர்த் திசையில் ஓர் இழை

திருமணமாகி, கொடைக்கானல் மலையிலிருக்கும் மன்னவனூருக்கு வந்தபோது எனக்கு எம்.எஸ்ஸி.யில் ஒரு தாள் பாக்கி இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கணவருக்கு ஆட்டுப் பண்ணையில் வேலை. ஒரு திங்கட்கிழமை மதுரையில் தேர்வு. அதற்கு முந்தைய வாரம் அடைமழையில் கொடைக்கானல் சாலை சரிந்து பஸ் நின்றுபோனது.

"ரோடு தொறக்காம எங்கத்தா போவ? வீட்டுச் சோலி கெடக்கு, அதப் பாரு" என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே மேகம் தரையோடு கிடந்தது, எதிர்வீடு தெரியவில்லை. ஈர விறகு புகையும் சமையலறையில் உட்கார்ந்து படித்ததையே படித்தேன். ஒரு மாலை கணவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அப்பிடி என்னதான் இருக்கு அதுல? எனக்கும் சொல்லேன்."

சொன்னேன். பாக்டீரியா இரண்டாகும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. முறுக்கிய இரு இழைகளும் பிரிய, ஒவ்வொன்றுக்கும் இணையான புது இழையை ஓர் என்சைம் கட்டுகிறது. அந்த என்சைமால் ஒரே திசையில்தான் கட்ட முடியும். பழைய இழைகளோ எதிரெதிராக ஓடுபவை. ஆகவே ஒரு புது இழை நிற்காமல் நீள்கிறது. மற்றது துண்டு துண்டாக உருவாகிறது. பிறகு வேறோர் என்சைம் துண்டுகளை ஒட்டுகிறது.

"எதுக்கு இந்தச் சுத்து வேல? அந்தப் பக்கமா கட்ட இன்னொரு என்சைம் இருந்தா முடிஞ்சு போச்சுல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என்னிடமிருந்த புத்தகத்திலும் இல்லை.

திங்கட்கிழமையும் சாலை திறக்கவில்லை. மதுரையில் வினாத்தாள் கொடுத்திருக்கக்கூடிய நேரத்தில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதே மண்டைக்குள் சுற்றியது. சட்டென்று பிடிபட்டது. சங்கிலி போன்ற இழையில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு கண்ணியும் ஒட்டிக்கொள்வதற்கான ஆற்றலைத் தானே சுமந்து வருகிறது. தவறிச் சேர்ந்த கண்ணியை என்சைம் வெட்டி எறிந்தாலும் அடுத்தது தன் ஆற்றலோடு வரும். மறுபக்கமாகக் கட்டினால் அந்த ஆற்றல் வளரும் இழையின் நுனியில் இருக்கும்; தவறை வெட்டும்போது அதுவும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும்.

கத்தியை வைத்துவிட்டு மழையோடு பண்ணைக்கு நடந்தேன். அவர் குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். "பரீட்ச போச்சேன்னு அழ வந்திருக்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அதுவும் போச்சுங்க" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த ஆண்டு எழுதித் தேறினேன். அந்தப் படிப்புக்கான வேலை எங்கள் பக்கம் இல்லை. மலையிறங்கிப் போய்க் குடியிருக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. சான்றிதழ் தபாலில் வந்த அன்று மாமியார் அதை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"பத்தரமா வையித்தா. ஈரம் பட்டுறப் போகுது."

டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.